கடைக்காரர் ஆம்ப்ஸ் சொன்னார், நான் வோல்ட் கேட்கவில்லை

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக நிற்கவில்லை. கரண்ட் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை செல்போனுக்கு சார்ஜ் போட, ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டு வாசலில் வரிசைதான். பொங்கல் கழிந்ததும் முதல் வேலையாக மாடியில் 325 வாட் சோலார் பேனல் ஒன்று, மாடிப்படிக்கு அடியில் 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள 12 வோல்ட் டியூபுலர் (லெட்-ஆசிட்) பேட்டரி ஒன்று வாங்கி வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் இருந்து, பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற சார்ஜ் கன்ட்ரோலர் மட்டும் எனக்கு லேசில் அமையவில்லை. இப்போது இருப்பது மூன்றாவது.

முதல் கன்ட்ரோலரைக் கடைக்காரர்தான் எடுத்துக் கொடுத்தார். "325 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தா 27 ஆம்ப்ஸ் வருது. 30 ஆம்ப்ஸ் தாராளம்ணே." வகுத்தது சரிதான். ஆனால் அது பி.டபிள்யூ.எம். வகை. பேனலின் முதுகில் ஒட்டியிருந்த தாளில் 37.4 வோல்ட், 8.7 ஆம்ப்ஸ் என்று போட்டிருந்ததை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. பி.டபிள்யூ.எம். என்பது வேகமாகப் போட்டு அணைக்கும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அது பேனலை நேராக பேட்டரியோடு சேர்த்துவிடும். பேனலின் 37 வோல்ட் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், ஆம்ப்ஸ் மட்டும் அதே 8.7. பெருக்கினால் 113 வாட். காசு கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் பேட்டரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆறு மாதம் மேகம் என்றும் தூசி என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தென்னை நிழல் என்று சொல்லத்தான் வழியில்லை, மரமெல்லாம் கஜாவிலேயே போய்விட்டது.

விஷயம் புரிந்ததும் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் எம்.பி.பி.டி. (பேனலின் வோல்ட்டை வீணாக்காமல் ஆம்ப்ஸாக மாற்றித் தரும் வகை) என்று இருந்தது, விலையோ பழையதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சோப்புப் பெட்டி மாதிரி லேசாக இருந்தது. நிஜமான எம்.பி.பி.டி.க்குள் கம்பி சுற்றிய கனமான காயில் இருக்கும், அதுதான் அதிக வோல்ட்டை வாங்கிக் குறைந்த வோல்ட், அதிக ஆம்ப்ஸாக மாற்றித் தருகிறது. மல்டிமீட்டர் இருந்தால் குட்டு உடனே வெளிப்படும். நல்ல வெயிலில், பேட்டரி நிறையாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது, பேனல் வந்து சேரும் முனைகளில் வோல்ட் பாருங்கள். அங்கேயும் பேட்டரியில் இருக்கிற அதே 13 சொச்சம் காட்டினால் அது பி.டபிள்யூ.எம்.தான், மேலே என்ன எழுதியிருந்தாலும். என்னுடையது 13.4 காட்டியது. திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்திருந்தது. மழைக்காலத்தில் ஒரு பல்லி உள்ளே புகுந்து, தானும் செத்து அதையும் முடித்து வைத்தது.

மூன்றாவதுக்கு மனசைத் திடப்படுத்திக்கொண்டு விக்ட்ரான் கம்பெனியின் எம்.பி.பி.டி., 100/30 மாடல் வாங்கினேன். 100 என்பது பேனல் பக்கம் அது தாங்கும் அதிகபட்ச வோல்ட், 30 என்பது பேட்டரிக்குத் தரும் அதிகபட்ச ஆம்ப்ஸ். இந்த முதல் எண்ணைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. என் பேனல் எதோடும் சேராமல் சும்மா இருக்கும்போது 46 வோல்ட் தரும். இரண்டைத் தொடராகச் சேர்த்தால் 92, குளிர்ந்த காலையில் இன்னும் ஏறும். எங்கள் ஊர்க் குளிருக்கு நூறைத் தொடாது. ஊட்டியில் இருப்பவர்கள் இந்த தைரியத்துக்குப் போக வேண்டாம்.

சித்திரை வெயிலில் நண்பகலில் பார்த்தால் பேனல் பக்கம் 32 வோல்ட், 8 ஆம்ப்ஸ், பேட்டரி பக்கம் 19 ஆம்ப்ஸ். 37 வோல்ட் ஏன் 32 ஆனது என்றால் சூடுதான் காரணம். பேனல் கொதிக்கக் கொதிக்க வோல்ட் இறங்கும். ஆகவே 325 வாட் முழுசாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், 250 வந்தால் நிறைவு.

முன்பு கன்ட்ரோலர் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் இருந்தது. அதை இறக்கி பேட்டரிக்குப் பக்கத்தில் மாட்டினேன். மாடியிலிருந்து 12 மீட்டர், போக வர 24, நான்கு சதுர மில்லிமீட்டர் கம்பி. கன்ட்ரோலர் மேலே இருந்து, அதில் பேட்டரிக்குப் போகும் 20 ஆம்ப்ஸ் ஓடினால் இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் பேட்டரிக்கு அது பெரிய அடி. கன்ட்ரோலர் கீழே இருந்து, அதே கம்பியில் பேனலின் 32 வோல்ட்டில் 8 ஆம்ப்ஸ் ஓடினால் ஒரு வோல்ட்டுக்குள் முடிந்துவிடுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. கன்ட்ரோலர் தன் சூட்டை வைத்துத்தான் பேட்டரியின் சூட்டைக் கணக்குப் போட்டு, அதற்குத் தக்கபடி வோல்ட்டைக் குறைக்கிறது. அது கூரைக்கடியில் வெந்துகொண்டிருந்தால், கீழே நிழலில் இருக்கும் பேட்டரி அரைவயிற்றோடு கிடக்கும்.

இந்த விக்ட்ரானில் திரை கிடையாது, எல்லாம் போன் ஆப்பில்தான். பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று அம்மா என்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் முப்பது நாள் கணக்கு ஆப்பில் இருக்கும். ஐப்பசி அடைமழையில் எந்த நாள் எவ்வளவு வந்தது என்று பார்த்து, அன்றைக்கு மிக்ஸி போடலாமா என்று முடிவு செய்ய அது போதும். டியூபுலருக்கு சார்ஜ் ஏற 14.4 வோல்ட், நிறைந்த பிறகு 13.8 என்று வைத்திருக்கிறேன். லித்தியம் பேட்டரிக்கு மாறுகிறவர்கள் இந்த அமைப்பை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஈக்வலைஸை (அவ்வப்போது வோல்ட்டை ஏற்றிக் கூடுதலாக சார்ஜ் கொடுப்பதை) அணைக்க வேண்டும், சூட்டுக்கு வோல்ட் குறைப்பதையும் அணைக்க வேண்டும்.

மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. கழற்றும்போது பேனல் முதலில். உப்புக்காற்று ஊர்க்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதே வரிசையில் கழற்றி, முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அந்தக் கடைக்காரர் கொடுத்த பி.டபிள்யூ.எம்.மை நான் தூக்கிப் போடவில்லை. 36 செல் உள்ள 75 வாட் பேனல் 18 வோல்ட்தான் தரும், அதற்கு அது பொருத்தம். மாட்டுக் கொட்டகையில் இரண்டு எல்.இ.டி. பல்பும் ஒரு சின்ன ஃபேனும் இன்றைக்கும் அதில்தான் ஓடுகின்றன. அடிப்பக்கத்து ஓட்டையில் மட்டும் கொசுவலைத் துண்டு வைத்து அடைத்திருக்கிறேன், பல்லிக்காக.