வாரம் ஆறு நாளா, மூன்று நாளா? ஊர் சுற்றுகிறவனின் மாரத்தான் கணக்கு

தொழிற்சாலைகளில் கம்ப்ரஸர் சர்வீஸ் பார்க்கிற வேலை எனக்கு. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் சென்னையில் இருக்கமாட்டேன். ஓசூர், கோயம்புத்தூர், புனே, விசாகப்பட்டினம் என்று எங்கே மெஷின் மூச்சுத் திணறுகிறதோ அங்கே ஓடவேண்டும். வயது 46. மூன்று வருடத்துக்கு முன் எச்.பி.ஏ.1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். "வாசப்படியில நிக்கறீங்க, உள்ள போயிடாதீங்க" என்றார் டாக்டர். நடக்க ஆரம்பித்தேன், நடை ஓட்டமானது, ஓட்டம் பைத்தியமானது.

இதுவரை இரண்டு முறை சென்னையில் முழு மாரத்தான், அதாவது 42.195 கி.மீ., முடித்திருக்கிறேன். முதல் முறை வாரம் ஆறு நாள் ஓடும் அட்டவணை, நேரம் 5 மணி 41 நிமிடம். அடுத்த வருடம் வாரம் மூன்று நாள் அட்டவணை, 4 மணி 58 நிமிடம். நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மூன்று நாள் பக்கம். ஆறு நாளுக்கும் நியாயம் உண்டு, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

ஆறு நாள் வகையில் பலருக்குத் தெரிந்தது அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த ஹான்சன் சகோதரர்களின் முறை. 18 வாரம். வாரத்தில் ஒரு நாள் வேகப் பயிற்சி, ஒரு நாள் டெம்போ (குறித்த வேகத்தில் விடாமல் ஓடுவது), ஒரு நாள் லாங் ரன், மற்ற மூன்று நாளும் சாவதானமான ஈஸி ரன். இதில் மிக நீண்ட ஓட்டமே 16 மைல், சுமார் 26 கி.மீ.தான். களைப்பைச் சேர்த்துக்கொண்டே போவதுதான் சூட்சுமம். ஏற்கெனவே கனத்துக்கிடக்கும் காலோடு லாங் ரன் ஓடும்போது, அது மாரத்தானின் முதல் 26 கி.மீ. மாதிரி இல்லாமல் கடைசி 26 மாதிரி இருக்கவேண்டும்.

மூன்று நாள் முறை தெற்கு கரோலினாவில் உள்ள ஃபர்மன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 16 வாரம். ஒன்று இன்டர்வல் (கொஞ்ச தூரம் வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி ஓடுவது), ஒன்று டெம்போ, ஒன்று லாங். ஈஸி ரன் என்ற பேச்சே கிடையாது. ஓடாத நாட்களில் இரண்டில் சைக்கிளோ நீச்சலோ செய்யவேண்டும். மூன்று ஓட்டத்துக்கும் வேகம் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். பேச்சுக் கச்சேரியோடு ஓட முடியாது.

நேரம் எது அதிகம் பிடிக்கும், ஷூ எதில் சீக்கிரம் தேயும் என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். என்னைப் போன்றவனுக்கு முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: ஒரு நாள் தவறினால் என்ன விலை?

என் டைரிக் கணக்கு இது. முதல் வருடம் 18 வாரம், ஆறு ஓட்டம், மொத்தம் 108. ஓடியது 63. தவறிய 45-ல் 31 வெளியூர்ப் பயணம், 8 வடகிழக்குப் பருவமழை, மீதி 6 காய்ச்சலும் சோம்பலும் பாதிப் பாதி. இரண்டாம் வருடம் 16 வாரம், மூன்று ஓட்டம், மொத்தம் 48. ஓடியது 43. தவறியது ஐந்தே ஐந்து.

கவனித்தீர்களா, முதல் வருடம்தான் நான் அதிகம் ஓடியிருக்கிறேன். 63 ஓட்டம் ஓடியவன் 29-வது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பித்தான். 43 ஓடியவன் கடைசிவரை ஓடினான். ஏன்?

முதல் காரணம், எவை தவறின என்பது. செவ்வாய், வியாழன்தான் நான் வெளியூரில் இருக்கும் நாட்கள். அட்டவணையில் வேகப் பயிற்சியும் டெம்போவும் அந்த நாட்களில்தான். ஆக, ஓடிய 63-ல் பெரும்பகுதி வீட்டைச் சுற்றி வந்த ஈஸி ரன். மோர் நிறைய இருந்தது, வெண்ணெய் இல்லை.

இரண்டாவது, தவறியதை ஈடுகட்டுகிற ஆசை. ஆறு நாள் அட்டவணையில் காலி நாள் ஒன்றுதான். வியாழக்கிழமை கோயம்புத்தூரில் விட்டதை எங்கே வைப்பது? வியாழன் இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி வெள்ளி காலை சென்ட்ரலில் இறங்குவேன். வெள்ளி மாலை ஈஸி, சனி காலை விட்டுப்போன டெம்போ, ஞாயிறு விடிகாலை நாலு மணிக்கு லாங். மூன்று நாளில் நாலு நாள் பாரத்தைக் காலில் ஏற்றினால் கால் சும்மா இருக்குமா? பன்னிரண்டாவது வாரம் குதிகால் வலி வந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி குத்துகிற மாதிரி. "ஆஃபீஸ்ல லீவு கேக்க மாட்டீங்க, இந்த அட்டவணைகிட்டயாவது ஒரு நாள் லீவு கேளுங்களேன்" என்றாள் மனைவி. கேட்டிருக்கலாம்.

மூன்று நாள் முறையில் ஏழு கட்டத்தில் மூன்று காய்தான். நகர்த்த இடம் இருக்கிறது. நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே: இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் ஒரு முழு நாளாவது இடைவெளி. செவ்வாய் ஓசூர் என்றால் இன்டர்வல் திங்கள்கிழமை சென்னையிலேயே முடிந்துவிடும். வியாழன் மாட்டிக்கொண்டால் டெம்போ வெள்ளிக்குப் போகும், லாங் ஞாயிறில் அப்படியே நிற்கும். டூர் புரோகிராம் கைக்கு வந்ததும் மூன்று காயையும் வைத்துவிட்டுத்தான் டிக்கெட் போடுவேன்.

இதற்குப் பின்னால் ஆராய்ச்சியும் இருக்கிறது. 1981-ல் ஹிக்ஸன் என்ற ஆய்வாளரின் குழு, வாரம் ஆறு நாள் வீதம் பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை, பிறகு வாரம் நாலு அல்லது இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளச் சொன்னது. பயிற்சியின் கடுமை மட்டும் குறையக்கூடாது. 15 வாரம் கழித்தும் அவர்களின் உச்ச ஆக்ஸிஜன் திறன், அதாவது முழு மூச்சாக உழைக்கும்போது உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜன் அளவு, இறங்கவில்லை. நாட்களை அப்படியே விட்டுக் கடுமையைக் குறைத்துப் பார்த்த பிந்தைய ஆய்வில் திறன் இறங்கியது. ஈஸி ரன் மட்டும் மிஞ்சிய என் முதல் வருடம் இந்த இரண்டாவது ரகம்தான். அந்த ஆய்வு இருக்கிற திறனைக் காப்பாற்றுவது பற்றியது, மாரத்தானுக்குப் புதிதாகத் தயாராவது பற்றியது அல்ல. அதனால் இதை ஓரளவுக்கு மேல் இழுக்க மாட்டேன்.

இன்னொரு ஆய்வு மனசை ஆற்றியது. 1984-ல் காயில் குழுவினர், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை அடியோடு நிறுத்தச் சொல்லி அளந்தார்கள். முதல் மூன்று வாரத்தில் உச்ச ஆக்ஸிஜன் திறன் இறங்கியது 7 சதவீதம். மூன்று வாரம் முழுசாகப் படுத்தாலே அவ்வளவுதான் என்றால், விசாகப்பட்டினத்தில் நாலு நாள் மாட்டிக்கொண்டதற்கு இரவு பதினோரு மணிக்கு லாட்ஜ் வராந்தாவில் குதிக்கவேண்டியதில்லை. முதல் வருடம் குதித்திருக்கிறேன். ரூம் பாய் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

மூன்று நாள் முறையின் கஷ்டங்களை மறைத்தால் அது விளம்பரமாகிவிடும். ஒவ்வொரு ஓட்டமும் கடுமையானது. தூக்கம் இல்லாமல் இரவுப் பஸ்ஸில் வந்து இறங்கியவன் அன்று காலையே இன்டர்வல் ஓடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இரவுப் பயணத்துக்கு மறுநாள் எந்தக் காயும் வைப்பதில்லை என்பது அப்படித்தான் எனக்கு இரண்டாவது விதியானது. நேரடியாக இந்த முறையில் இறங்கவும் கூடாது. வாரம் 25 கி.மீ.யாவது சில மாதம் ஓடிப் பழகிய கால் வேண்டும்.

சைக்கிள், நீச்சல் பாகத்தில் நான் பாஸ் மார்க் கூட வாங்கவில்லை. லாட்ஜில் நீச்சல் குளத்துக்கு எங்கே போவது? நாலு மாடி படியேறி இறங்குவது, பத்துப் பத்தாக உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்குவது என்று இருபத்தைந்து நிமிடம். ஃபர்மன்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, என் குதிகால் ஒப்புக்கொண்டது.

டெம்போவுக்கு மட்டும் டிரெட்மில் பரவாயில்லை. காற்றின் எதிர்ப்பு இல்லாததை ஈடுகட்ட 1 சதவீதம் ஏற்றம் வைப்பது 1996-லேயே அளந்து சொல்லப்பட்ட விஷயம். ஆனால் அது வேகமாக ஓடுகிறவர்களுக்குத்தான் பொருந்தும்; மணிக்கு 9.5 கி.மீ.யில் உருளும் என் மாதிரி ஆட்களுக்குப் பெரிய வித்தியாசமில்லை. பெரிய பிரச்சினை மின்விசிறி இல்லாத ஹோட்டல் ஜிம்தான். இன்டர்வலுக்குக் கோயம்புத்தூரில் ரேஸ்கோர்ஸ் நடைபாதையைப் பயன்படுத்துவேன். காலை ஐந்தரைக்கு மேல் போனால் நடக்கிறவர்கள் நடுவில் வளைந்து வளைந்து போகவேண்டும், அதற்கு முன்னால் போய்விடுங்கள். புனே, பெங்களூர்க் குளிரில் ஓடினால் ஒரே மாதத்தில் பெரிய வீரனாகிவிட்ட மாதிரி இருக்கும். கடிகாரம் காட்டும் வேகத்தை நம்பி இலக்கை மாற்றிவிடாதீர்கள். சென்னைக்கு வந்து அடுத்த ஞாயிறு ஈசிஆர் புழுக்கத்தில் பத்துக் கிலோமீட்டர் போனால் உண்மை தெரிந்துவிடும்.

உடம்பு விஷயத்தில் இரண்டு வார்த்தை. காய்ச்சல் இருக்கும்போது எந்த அட்டவணைக்காகவும் ஓடாதீர்கள். வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையையும் தொடும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித் துடிப்பே குறைவாக இருக்கும், துடிப்பை வைத்து ஓட்டத்தின் கடுமையைப் பிரித்துக் காட்டும் கடிகாரத்தின் 'ஜோன்' கணக்கு அவர்களுக்குச் செல்லாது. டாக்டரிடம் கேட்டுவிட்டு, பேச முடிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து ஓடுவது நல்லது. என் எச்.பி.ஏ.1சி இப்போது 5.8. அதை மூன்று நாள் முறையின் கணக்கில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. டூரில் ராத்திரி பரோட்டாவை விட்டதும் அதே வருடம்தான்.

43 நிமிட முன்னேற்றத்தையும் அப்படியே அதன் கணக்கில் எழுதக்கூடாது. இரண்டாம் வருடம் ஓடிய காலுக்குள் முதல் வருடத்தின் 63 ஓட்டமும் இருந்தது. முதலில் மூன்று நாள், பிறகு ஆறு நாள் என்று மாற்றி ஓடியிருந்தால் ஆறு நாளைத்தான் புகழ்ந்திருப்பேனோ என்று எப்போதாவது தோன்றும். குதிகால் ஞாபகம் வந்ததும் அந்தச் சந்தேகம் பாதியாகிவிடும்.

ஆறு நாள் யாருக்கு? தினமும் ஒரே வீட்டில் தூங்கி, ஒரே சாலையில் ஓடமுடிகிறவர்களுக்கு. எங்கள் ஓட்டக் குரூப்பில் மாரத்தானை மூன்றரை மணிக்குள் முடிக்கிற நாலு பேரும் வாரம் ஐந்து, ஆறு நாள் ஓடுகிறவர்கள்தான். அந்த வேகத்துக்கு மூன்று நாள் போதுமா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அந்தப் பக்கம் போனதில்லை. ஆறு நாள் முறைக்கு ஒரு சுகமும் இருக்கிறது. அதில் பாதி நாள் உடம்பை வதைக்காத ஓட்டம், பேசிக்கொண்டே போகலாம். மூன்று நாளுக்கு மாறியதும் குரூப்போடு ஓடுவது எனக்குக் குறைந்துவிட்டது. "என்ன அண்ணே, ஆளையே காணோம்?" என்று தம்பிமார்கள் கேட்கும்போது கொஞ்சம் குற்ற உணர்ச்சிதான்.

நடுவில் நாலு நாள் வழியும் இருக்கிறது: மூன்று கடுமை, ஒரு ஈஸி. நான் முயன்றதில்லை. ரயில்வேயில் இருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு வருடமாக அதில்தான் ஓடுகிறார், காயம் எதுவும் இல்லை. ஆனால் அவருக்கு டூர் கிடையாது.

அடுத்த ஜனவரிக்கும் பெயர் கொடுத்தாயிற்று, மறுபடி மூன்று நாள்தான். டூர் புரோகிராம் நேற்று வந்தது: செவ்வாயிலிருந்து வெள்ளிவரை விசாகப்பட்டினம். இன்டர்வலைத் திங்களுக்கு இழுத்துவிட்டேன். டெம்போ வியாழன் காலை, ஆர்.கே. கடற்கரைச் சாலையில். ஞாயிறு லாங் 28 கி.மீ., சனி காலை ரயில் நேரத்துக்கு வந்தால்.