கிளினிக்கை விட்டு வெளியே வரும் டாக்டருக்கு எந்த வழி தோது?

நோயாளிகளைப் பார்ப்பதை விட்டு பிசினஸ் பக்கம் போகலாமா என்ற பேச்சு டாக்டர்களுக்குள் வந்தாலே முதலில் எழுவது சம்பளக் கணக்குதான். மருந்து கம்பெனியில் எவ்வளவு தருவார்கள், கன்சல்டிங்கில் (நிறுவனங்களுக்கு நிர்வாக ஆலோசனை சொல்லும் வேலையில்) எவ்வளவு, எம்.பி.ஏ. முடித்தால் எவ்வளவு கூடும். சம்பளம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தத் தொழிலில் எது உங்களுக்கு அலுத்துப்போனது? நைட் டியூட்டியா? ஒரே புகாரை நாள் முழுக்கக் கேட்பதா? யாரோ எங்கோ எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்வதா? இல்லை, நோயாளிகளைப் பார்ப்பதே போதும் என்றாகிவிட்டதா?

பிசினஸ் பக்கம் இருக்கும் ஒவ்வொரு வழியும் இவற்றில் ஒன்றிரண்டிலிருந்துதான் விடுதலை தரும். மிச்சம் கூடவே வரும். நைட் டியூட்டிக்குப் பயந்து கன்சல்டிங்குக்குப் போனவர் ராத்திரி ஒரு மணிக்கு ஸ்லைடு திருத்திக்கொண்டிருப்பார். நிர்வாகத்தின் தலையீடு பிடிக்காமல் மருந்து கம்பெனிக்குப் போனவர் ஐந்து கமிட்டிகளின் ஒப்புதலுக்காகக் காத்திருப்பார்.

மருந்து கம்பெனியா, கன்சல்டிங்கா?

அதிகம் பேர் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்: நல்ல அலுவலகம், அடிக்கடி விமானப் பயணம், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புக்குப் பதில் அடையாள அட்டை. உள்ளே போனால் அன்றாட வேலையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மருந்து கம்பெனியில் டாக்டர்களுக்கு முக்கியமாக மூன்று இடங்கள் உண்டு. புது மருந்தின் சோதனைகளைத் திட்டமிட்டு நடத்துவது ஒன்று. மருந்தின் பக்க விளைவுகளைக் கண்காணிப்பது இன்னொன்று. மெடிக்கல் அஃபேர்ஸ் எனப்படும் மூன்றாவது, வெளியே இருக்கும் டாக்டர்களிடம் மருந்தின் அறிவியலை எடுத்துச் சொல்லும் வேலை. விற்பனைப் பிரிவுக்கு இது பக்கத்து வீடு என்பதால், சிலருக்கு நெருடலாக இருக்கும்.

கண்காணிப்புப் பிரிவில் வேலை எப்படி இருக்கும்? சோதனையில் இருக்கும் மாத்திரை ஒன்றைச் சாப்பிட்ட 62 வயதுக்காரருக்கு மஞ்சள் காமாலை என்று ஓர் அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. அளவு இயல்பின் உச்ச வரம்பைவிட மூன்று மடங்குக்கு மேல், மஞ்சள் காமாலையில் கூடும் பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேல். பித்தநாள அடைப்பு இல்லை, ஹெபடைடிஸ் வைரஸ் சோதனைகளும் நெகட்டிவ். இதைப் படித்ததும் ஹைமன் சிம்மர்மன் என்ற கல்லீரல் நிபுணரின் பெயரால் வழங்கும் ‘ஹைஸ் லா’ நினைவுக்கு வந்தாக வேண்டும். மருந்தால் இப்படி ஆனவர்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேர் உயிரிழக்கலாம் அல்லது கல்லீரல் மாற்று தேவைப்படும் நிலைக்குப் போகலாம் என்பது அதன் சாரம். நோயாளி எதிரில் இல்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. கையில் இருப்பது அறிக்கை மட்டும். இந்த மாத்திரைதான் காரணமா, கூடச் சாப்பிட்ட வேறு ஏதாவதா என்று முடிவு செய்ய வேண்டும். கெடுவும் உண்டு. ஐ.சி.எச். என்ற சர்வதேச அமைப்பின் வழிகாட்டுதலின்படி, சோதனை மருந்தால் எதிர்பாராத விதமாக மரணமோ உயிராபத்தோ நேர்ந்தால் 7 நாளுக்குள் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். மற்ற கடுமையான, எதிர்பாராத விளைவுகளுக்கு 15 நாள்.

இங்கே வேலை செய்வது வார்டில் பழகிய அதே மூளைதான். மருந்து கம்பெனி வழியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இதுவே. படித்த படிப்பு வீணாகாது.

எட்டும் தூரமும் பெரிது. டாக்டரும் ஆராய்ச்சியாளருமான ராய் வேகலோஸ் மெர்க் மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்தபோது, 1987இல், கண்பார்வையைப் பறிக்கும் ஆன்கோசெர்சியாசிஸ் நோய்க்கான ஐவர்மெக்டின் மாத்திரையைத் தேவைப்படும் காலம்வரை இலவசமாகவே தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதனால் பயன்பெற்றவர்களின் எண்ணிக்கையை எத்தனை வருஷம் ஓ.பி.யில் உட்கார்ந்தாலும் எட்ட முடியாது. எல்லோரும் வேகலோஸ் ஆகப்போவதில்லை என்பதும் உண்மைதான். பலருடைய உழைப்பு, மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றுப்போன மருந்தோடு சேர்ந்து பரணுக்குப் போய்விடும்.

கன்சல்டிங்குக்கு வருவோம். அங்கே இன்டர்வியூவிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். ‘ஒரு நாட்டுக்கு எத்தனை டயாலிசிஸ் மெஷின் தேவைப்படும், கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்’ என்பார்கள். சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கும் கிரியேட்டினின் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். மக்கள்தொகையில் தொடங்கி, எத்தனை பேருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும், வாரத்துக்கு எத்தனை முறை, ஒரு மெஷின் ஒரு நாளைக்கு எத்தனை ஷிஃப்ட் ஓடும் என்று படிப்படியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். எண் சரியாக வருவதைவிட, பிரிக்கும் விதத்தைத்தான் பார்ப்பார்கள். வேலையிலும் இதேதான். சில மாதம் ஆஸ்பத்திரி, அடுத்து இன்ஷூரன்ஸ், அதற்கப்புறம் மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஏதாவது ஒன்று. பிசினஸ் மொழியை வேகமாகக் கற்க இதைவிட நல்ல இடம் குறைவு. ஆனால் நீங்கள் சொன்ன யோசனை பலித்ததா என்று தெரிவதற்குள் அடுத்த வாடிக்கையாளரிடம் போயிருப்பீர்கள். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, நோயாளி மறுபடி வந்து என்ன சொல்கிறார் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது உறுத்தும்.

கன்சல்டிங்கைப் பாலமாகப் பயன்படுத்துவது வேறு விஷயம். நோவார்டிஸ் மருந்து நிறுவனத்துக்கு 2018இல் தலைமைச் செயல் அதிகாரியான வாஸ் நரசிம்மன் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். மெக்கின்சி என்ற கன்சல்டிங் நிறுவனத்தில் இருந்துவிட்டு 2005இல் நோவார்டிஸில் சேர்ந்தார். இரண்டு மூன்று வருஷம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால் சரி. ஆயுசு முழுக்க என்றால், நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேற்படிப்புக்குப் போகாமல் நேரே வருபவர்களையும் கன்சல்டிங் எடுத்துக்கொள்ளும். மருந்துச் சோதனைப் பிரிவில் நல்ல இடம் வேண்டுமானால் பெரும்பாலும் ஸ்பெஷலிஸ்ட்டாக இருக்க வேண்டும். புற்றுநோய் மருந்துக்குப் புற்றுநோய் டாக்டரைத்தானே தேடுவார்கள். ஆகவே மேற்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வர நினைப்பவர், எந்தக் கதவை மூடுகிறோம் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

நிர்வாக நாற்காலியும் சொந்தக் கம்பெனியும்

ஆஸ்பத்திரி நிர்வாகத்தை நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ‘ஃபைல் பார்க்கும் வேலை’ என்று ஒரு இளக்காரம். உண்மையில் இருப்பதிலேயே கடினமான வேலை இதுதான் என்பேன். காலை 8 மணிக்குத் தொடங்க வேண்டிய முதல் ஆபரேஷன் 8.40க்குத் தொடங்குகிறது. சர்ஜன் தயார், மயக்க டாக்டர் தயார், நோயாளியின் ஒப்புதல் படிவம் மட்டும் வார்டிலேயே கிடக்கிறது. அதை எடுத்து வர வேண்டிய நர்ஸ் வேறு ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரிக்காகக் காத்திருக்கிறார். அதை எழுத வேண்டிய ஜூனியர் ரவுண்ட்ஸில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நாற்பது நிமிஷம் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே போய், கடைசி நோயாளி பட்டினியோடு மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படுகிறார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் சரிசெய்தாக வேண்டும். இந்தச் சங்கிலியை உள்ளேயிருந்து பார்த்த டாக்டருக்கு, வெறும் எம்.பி.ஏ. மட்டும் படித்தவரைவிட இது சீக்கிரம் பிடிபடும்.

விலையும் உண்டு. நேற்றுவரை தோளில் கைபோட்டவர்கள் ‘அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்’ என்பார்கள். பழைய நண்பனின் டிபார்ட்மென்ட்டுக்குப் பட்ஜெட்டைக் குறைக்க வேண்டிய நாளும் வரும். அது முடியாதவர்கள் இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. மனம் ஒப்பினால் உயரமும் போகலாம். அமெரிக்காவின் பெரிய ஆஸ்பத்திரியான கிளீவ்லேண்ட் கிளினிக்கை 2004 முதல் 2017 வரை நடத்திய டோபி காஸ்க்ரோவ் இதய அறுவை நிபுணர்தான்.

சொந்தக் கம்பெனி என்றால் காலம்தான் முதல் கேள்வி. லெனார்ட் ஷ்லைஃபர் நரம்பியல் டாக்டர். ரீஜெனரான் என்ற மருந்து கம்பெனியை 1988இல் தொடங்கினார். அதன் முதல் மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தது 2008இல். இருபது வருஷம்! அதற்குப் பிறகுதான் ஐலியா என்ற கண் மருந்து போன்ற பெரிய வெற்றிகள். ஆப், மென்பொருள் என்றால் இவ்வளவு ஆகாது, ஆனால் அங்கே வேறு சிக்கல். டாக்டர் தொடங்கும் கம்பெனிகள் சறுக்குவது பெரும்பாலும் மருத்துவத்தில் அல்ல. பயன்படுத்துபவர் டாக்டர், பலன் பெறுபவர் நோயாளி, காசு கொடுப்பவர் ஆஸ்பத்திரியோ இன்ஷூரன்ஸோ. மூவருக்கும் வேண்டியது வேறு வேறு. ‘என் வார்டில் இது பெரிய தலைவலி’ என்பது நல்ல தொடக்கம், ஆனால் அந்தத் தலைவலி தீரப் பணம் கட்டப்போவது யார் என்று தெரியும்வரை வேலையை விடாதீர்கள்.

முதலீட்டுத் துறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக்கேல் பரி ஸ்டான்ஃபோர்டில் நரம்பியல் பயிற்சியை விட்டுவிட்டு 2000இல் சயான் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கிய கதையைச் சொல்லிச் சொல்லிப் பலரைக் கெடுத்துவிட்டார்கள். அவர் டாக்டராக இருக்கும்போதே ராத்திரிகளில் பங்குகளை அலசி எழுதி, முதலீட்டாளர்கள் கவனித்த ஆள். அந்தப் பித்து இல்லாதவர்களுக்கு அந்த வழி கிடையாது.

திரும்பி வர முடியுமா?

எம்.பி.ஏ.வைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்து கம்பெனிக்குள் நுழைய அது தேவையே இல்லை. நிர்வாகத்தில் மேலே போக உதவும், அதையும் வேலையில் இருந்துகொண்டே வார இறுதி வகுப்பில் படிக்கலாம். என்ன செய்வதென்று தெரியாதபோது எம்.பி.ஏ. சேர்வதுதான் இருப்பதிலேயே செலவு பிடித்த தாமதம்.

திரும்பி வரும் வழி எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. பொது மருத்துவர் மூன்று வருஷம் கழித்து வந்தாலும் படித்துப் பிடித்துவிடலாம். சர்ஜனுக்குக் கை விட்டுப்போகும். பல நாடுகளில், நீண்ட காலம் நோயாளிகளைப் பார்க்காதவர் மறுபயிற்சி பெற்றாக வேண்டும். இந்த விஷயத்தில் நிர்வாகத்துக்குத்தான் அனுகூலம், ஓ.பி. அதே கட்டிடத்தில் இருக்கிறது. அடுத்தது மருந்து கம்பெனி. கன்சல்டிங்கிலும் ஸ்டார்ட்அப்பிலும் வாரம் அரை நாள் ஒதுக்குவதுகூடச் சொல்லளவில்தான் நிற்கும்.

வேலையை விடுவதற்கு முன் ருசி பார்க்க வழி இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கும் மருந்துச் சோதனையில் துணை ஆய்வாளராகச் சேருங்கள். ஆபரேஷன் தியேட்டர் தாமதத்தைக் குறைக்கும் பொறுப்பு யாருக்கும் வேண்டாமென்றால் நீங்கள் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்தில் எது ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் ஆஃபர் வந்தால், வாரம் ஒரு நாள் நோயாளிகளைப் பார்க்க அனுமதி உண்டா, அந்த நாளுக்கான தொழில்பொறுப்பு இன்ஷூரன்ஸை யார் கட்டுவது என்ற இரண்டையும் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பதுதான் பதிலாக வரும்.