பழைய ஆர்கேட் மெஷினுக்கு எந்தப் பவர் சப்ளை: கடலோரத்துக்கான ஓர் ஒப்பீடு

கன்னியாகுமரி, முட்டம், சொத்தவிளை போன்ற கடற்கரைகளை ஒட்டி, ஆர்கேட் மெஷின் எனப்படும் காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் மெஷின் நடத்துபவர்களுக்கும், பழைய மெஷின் ஒன்றை வாங்கி நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மெஷின் தானாக அணைந்து முதலிலிருந்து தொடங்கும். அல்லது திரையில் உருவங்கள் சிதறும். அல்லது ஒலிபெருக்கியில் இடைவிடாத இரைச்சல் கேட்கும். இவை பெரும்பாலும் பவர் சப்ளை தளர்ந்ததன் அறிகுறிகள். அப்போது கண்முன் நிற்கும் வழிகள் நான்கு: உள்ளே இருக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் வகைச் சப்ளையைப் பழுது பார்ப்பது, ஆர்கேட் மெஷின்களுக்கென்றே செய்யப்படும் ஸ்விட்சிங் சப்ளையை வாங்கி மாட்டுவது, கழித்துப்போட்ட கம்ப்யூட்டரின் ஏ.டி.எக்ஸ். சப்ளையைப் பயன்படுத்துவது, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மூன்று வெளியீட்டு எஸ்.எம்.பி.எஸ். (இதுவும் ஸ்விட்சிங் சப்ளைதான்) ஒன்றைப் பொருத்துவது. விலையையும் வாட் அளவையும் வைத்து இவற்றை ஒப்பிடுவதே வழக்கம். ஆனால் நம் மாவட்டத்துக் காற்றையும் கரண்டையும் கணக்கில் எடுத்தால் வரிசை மாறிவிடுகிறது.

ஒப்பிடுவதற்கான அளவுகோலை முதலில் வகுத்துக்கொள்வோம். இந்த மெஷின்களில் விளையாட்டை இயக்கும் மின்சுற்றுப் பலகைகளில், அதாவது போர்டுகளில், உள்ள டி.டி.எல். வகைச் சிப்புகள் 4.75 முதல் 5.25 வோல்ட் வரையிலான எல்லைக்குள் இயங்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை. கீழ் எல்லையைத் தாண்டி இறங்கும்போது போர்டு தடுமாறித் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். மேல் எல்லையைத் தாண்டி ஏறும்போது சிப்புகள் சூடாகிச் சாகும். ஆக, சப்ளையின் திருகு முனையில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதைவிட, போர்டின் மேலே, சிப்பின் காலில் எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது என்பதே முக்கியம். 14 கால் கொண்ட 7400 வரிசைச் சிப்புகள் பெரும்பாலானவற்றில் 14ஆவது காலுக்கும் 7ஆவது காலுக்கும் இடையே அளந்தால் அது தெரிந்துவிடும். இரண்டு இடங்களிலும் அளந்து வித்தியாசத்தைப் பார்க்காமல் புதிய சப்ளைக்கு ஆர்டர் கொடுப்பது வீண்செலவாக முடிய வாய்ப்பு அதிகம்.

ஏனென்றால் கடலோரத்தில் முதலில் கெடுவது பல நேரங்களில் சப்ளை அன்று, போர்டின் விளிம்பைச் செருகும் கனெக்டரே. உப்புக் காற்று அதன் வெள்ளீயப் பூச்சை அரித்து, ஒவ்வொரு தொடுமுனையிலும் சிறு தடையை உண்டாக்குகிறது. வழியில் மொத்தமாக 0.05 ஓம் தடை இருந்தாலே, 5 ஆம்பியர் ஓடும்போது 0.25 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும்; சப்ளை 5 வோல்ட் தந்தாலும் போர்டுக்குக் கிடைப்பது 4.75தான். பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு இழப்பு, கிரவுண்டு பக்கம் எவ்வளவு இழப்பு என்பதைத் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனெனில் கிரவுண்டு பக்க இழப்பை யாரும் சந்தேகிப்பதில்லை. இரண்டும் சேர்ந்து 0.2 வோல்ட்டைத் தாண்டினால், கனெக்டரைச் சுத்தம் செய்வது அல்லது மாற்றுவது முதல் வேலை, சப்ளை இரண்டாவது வேலை.

இனி வழிகளுக்கு வருவோம். பழைய டிரான்ஸ்பார்மர் வகைச் சப்ளையின் அமைப்பு எளிமையானது: டிரான்ஸ்பார்மர், ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் டையோடு, பெரிய கெபாசிட்டர், அதன்பின் வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர். இந்த நான்கில் வயதானால் முதலில் ஓய்வது கெபாசிட்டர். வெப்பநிலை 10 டிகிரி ஏறும்தோறும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பதால், மூடிய மரப்பெட்டிக்குள் பல ஆண்டுகள் இருந்த ஒன்றை அளந்து பார்க்காமலே மாற்றிவிடலாம். பிரிட்ஜும் சேர்ந்தே மாற்றப்படுவது நல்லது. இந்த உதிரிகள் டி.வி. பழுது பார்க்கும் ஊர்க் கடைகளிலேயே கிடைப்பவை. பழுது பார்ப்பவருக்கும் பழகியவை. மெஷினின் அசல் வயரிங்கில் ஒன்றையும் வெட்ட வேண்டியதில்லை. இவை மூன்றும் பெரிய அனுகூலங்கள்.

குறைகளும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த மெஷினின் டிரான்ஸ்பார்மர் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருந்தால், நம்முடைய 50 ஹெர்ட்ஸில் அதன் இரும்பு உள்ளகம் நிறைவுநிலையை நெருங்கி அதிகமாகச் சூடேறும்; மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் 50/60 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். அதைவிட நமக்கு நெருக்கமான பிரச்சினை மாலை நேரக் குறைந்த வோல்டேஜ். ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்ய, வெளியீட்டைவிட ஏறத்தாழ இரண்டு இரண்டரை வோல்ட் கூடுதலாக உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டும். லைன் இறங்கும்போது அந்த உபரி கரைந்து, டி.சி.யில் எஞ்சியிருக்கும் 100 ஹெர்ட்ஸ் அலை அப்படியே போர்டுக்குள் புகுந்துவிடுகிறது. சீசன் கூட்டம் நிறைந்திருக்கும் மாலையில் மட்டும் மெஷின் ரீசெட் ஆகிறது, காலையில் மெக்கானிக் வந்து பார்த்தால் ஒழுங்காக ஓடுகிறது என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

அப்படியிருந்தும் ஒரு வகை மெஷின்களுக்குப் பழுது பார்ப்பதையே நான் முதலிடத்தில் வைப்பேன். போர்டுகளுக்கெல்லாம் பொதுவான ஒரே கனெக்டர் அமைப்பை வகுத்த, ஜப்பானிய கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கத்தின் ஜாம்மா முறை 1985இல் வந்தது. அதற்கு முந்தைய போர்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனி வழியில் மின்சாரம் கேட்பவை. 1980இல் வந்த பேக்மேன் போர்டு டிரான்ஸ்பார்மரிலிருந்து ஏ.சி.யையே வாங்கித் தன் மேலேயே அதை டி.சி.யாக மாற்றிக்கொள்கிறது; அதில் ஸ்விட்சிங் சப்ளையை மாட்ட வேண்டுமென்றால் போர்டிலேயே கை வைக்க வேண்டும். அக்காலத்து அட்டாரி மெஷின்களில் போர்டிலிருந்து திரும்பி வரும் உணர்வயர் ஒன்று உண்டு; கனெக்டரில் ஏற்படும் இழப்பை ரெகுலேட்டரே அறிந்து ஈடுகட்டும் அந்த ஏற்பாடு, கனெக்டர் சுத்தமாக இருக்கும்வரை இன்றைய மலிவான சப்ளைகள் பலவற்றைவிட மேலானது. 4116 வகை ராம் (நினைவக) சிப்புகள் உள்ள போர்டு என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: அவற்றுக்கு +12, +5, −5 மூன்றும் வேண்டும், −5 இல்லாமல் +12 மட்டும் போனால் சிப்புகள் கெட்டுவிடும்.

ஜாம்மா மெஷின்களின் கதை வேறு. 56 தொடுமுனை கொண்ட அந்தக் கனெக்டரில் +5, +12, −5, கிரவுண்டு எல்லாவற்றுக்கும் இடம் வரையறுக்கப்பட்டிருப்பதால், ஆர்கேட் ஸ்விட்சிங் சப்ளை அப்படியே பொருந்துகிறது. இவற்றில் பரவலாகக் கிடைப்பது +5இல் 15 ஆம்பியர், +12இல் 5 ஆம்பியர், −5இல் 1 ஆம்பியர் என்று குறிக்கப்பட்ட வகை. விசிறி இல்லாத தகரக் கூட்டில் வருவது இதன் பெரிய பலம்; லைன் வோல்டேஜ் ஓரளவு ஏறி இறங்கினாலும் தாங்குவது அடுத்தது; 5 வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கச் சிறு திருகு இருப்பது மூன்றாவது. ஆனால் அந்தத் திருகே மருந்தாகவும் நஞ்சாகவும் ஆகிறது. மலிவான சப்ளைகளில் 5 வோல்ட் மட்டுமே நேரடியாகக் கட்டுப்படுத்தப்படுகிறது. 12 வோல்ட் அதன் பின்னால் இழுபட்டுப் போகும். அரித்துப்போன கனெக்டரின் இழப்பை ஈடுகட்டத் திருகை 5.4க்கு ஏற்றினால், 12 வோல்ட்டும் சேர்ந்து ஏறும். பிறகு யாராவது கனெக்டரைத் துடைத்துச் செருகிய அன்று முழு 5.4உம் சிப்புகளின் மேல் விழும்.

இதே சப்ளையில் இன்னொரு பொறி 110/220 தேர்வு ஸ்விட்ச். 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றினால் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட்; 110 நிலையில் உள்ள சுற்று உள்வரும் வோல்ட்டை இரட்டிப்பாக்கும் என்பதால், அந்நிலையில் நம் லைனைக் கொடுத்தால் 650 வோல்ட் உருவாக முயன்று கெபாசிட்டர்கள் அந்தக் கணமே வெடிக்கும். பெட்டியிலிருந்து எடுத்ததும் பார்க்க வேண்டியது அந்த ஸ்விட்ச். பார்த்து 220இல் வைத்தபின், யாரும் நகர்த்தாதபடி மேலே ஒரு டேப் ஒட்டிவிடுவது நல்லது.

ஏ.டி.எக்ஸ். சப்ளைதான் அதிகம் பேர் நினைக்கும் வழி. செலவே இல்லை என்று தோன்றுவதால். பச்சை வயரைக் கறுப்பு வயரோடு இணைத்தால் அது இயங்கத் தொடங்கும், +5உம் +12உம் தாராளமாகக் கிடைக்கும். மேசையில் வைத்து ஒரு போர்டைச் சோதிக்க இது நல்ல கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. மெஷினுக்குள் நிரந்தரமாக வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 2000களின் தொடக்கத்துக்குப் பிறகு வந்தவற்றில் −5 வோல்ட் வெளியீடு கைவிடப்பட்டுவிட்டது. 5 வோல்ட்டைத் திருத்தத் திருகும் இல்லை. புதியவை 12 வோல்ட்டில் பெரும் சுமையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை; ஆர்கேட் போர்டோ ஏறத்தாழ எல்லாச் சுமையையும் 5இல் போடுவது, அதனால் பலவற்றில் 5 தாழ்ந்தும் 12 உயர்ந்தும் நிற்கும். இவை எங்கும் பொருந்தும் குறைகள். நம் ஊருக்கே உரிய குறை அதன் விசிறி: ஆடிக் காற்றில் மணலும் உப்பு ஈரமும் கலந்து வருவதை இடைவிடாமல் உறிஞ்சித் தன் உள்ளே இருக்கும் 325 வோல்ட் பகுதியின் மேல் படியவிடுகிறது. கடலிலிருந்து விலகிய தக்கலையிலோ குலசேகரத்திலோ இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கடற்கரைக் கூடத்தில் முடியாது.

தொழிற்சாலை வகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீன்வெல் நிறுவனத்தின் RT-65A போல +5, +12, −5 மூன்றையும் தரும் மாடல்கள் உள்ளன. தரம் ஆர்கேட் சப்ளைகளைவிடப் பொதுவாக மேல். ஆனால் 5 வோல்ட் பக்கத்து ஆம்பியர் குறைவாக இருக்கும் என்பதால், போர்டு எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தபின் வாங்க வேண்டும். ஒரே போர்டோடு நிரந்தரமாக இருக்கும் வீட்டு மெஷினுக்கு என் தேர்வு இதுவே. போர்டை அடிக்கடி மாற்றும் கடை மெஷினுக்கு 15 ஆம்பியர் ஆர்கேட் வகை.

எந்த ஸ்விட்சிங் சப்ளையானாலும் எர்த் இணைப்பு இல்லாமல் மாட்டக் கூடாது. அதன் நுழைவாயிலில் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகரக் கூட்டுக்குச் சிறு கெபாசிட்டர்கள் போடப்பட்டிருக்கும். எர்த் அறுந்திருந்தால் கூடு லைன் வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். மின்னோட்டம் சிறிதுதான் என்றாலும், கடலில் நனைந்த காலோடு வந்து காசு போடும் கதவைத் தொடும் குழந்தைக்குச் சுரீரென்று அடிக்கும். பழைய சப்ளையில் இந்தக் கெபாசிட்டர்கள் இல்லாத மெஷின்களில், எர்த் இல்லாமலே பல ஆண்டுகள் ஓடியிருக்கும். ஸ்விட்சிங் சப்ளைக்கு மாறிய அன்றுதான் புகார் தொடங்கும். மூன்று முனை பிளக், இரும்புக் கதவு வரை செல்லும் பச்சை வயர், கடையின் ஸ்விட்ச் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) ஆகிய மூன்றும் சப்ளையின் செலவோடு சேர்ந்தவை என்று கொள்ள வேண்டும்.

சோதனை முறை நான்கு வழிக்கும் ஏறத்தாழ ஒன்றே. பிளக்கை உருவி, பெரிய கெபாசிட்டர்கள் காலியாகிவிட்டனவா என்று மீட்டரில் பார்த்தபின்தான் கை வைக்க வேண்டும். பிக்சர் டியூபின் பக்கம் இந்த வேலைக்காகப் போகவே வேண்டாம். போர்டை இணைக்காமல், 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்த சீரிஸ் போர்டு வழியாக முதலில் மின்சாரம் கொடுக்க வேண்டும்: பல்பு ஒரு மின்னல் மின்னி மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை, முழுப் பிரகாசத்தில் நின்றால் இருக்கிறது. அடுத்து நேரடி லைனில், பொய்ச் சுமையோடு. 5 வோல்ட்டில் 1 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினால் 5 ஆம்பியர் ஓடும். 25 வாட் வெப்பம் வரும் என்பதால் அலுமினியத் தகட்டில் இறுக்கி வைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் 12 வோல்ட், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு, 5 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். சுமையோடு வோல்ட் சரியாமல் நிற்கிறதா என்று டி.சி. நிலையிலும், அலை எவ்வளவு என்று ஏ.சி. நிலையிலும் அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் திருப்தி. சாதாரண மீட்டர் வேக அலைகளை முழுமையாகக் காட்டாது என்பதால், ஆசிலோஸ்கோப் உள்ள நண்பர் இருந்தால் அவரை நாடலாம்.

அதன்பிறகே போர்டு. திருகு உள்ள சப்ளையில் அதைக் குறைந்த பக்கம் திருப்பி வைத்து, மெஷினை ஓடவிட்டு, மீட்டரைச் சிப்பின் காலில் வைத்தபடியே 5.00க்கும் 5.10க்கும் இடையில் நிறுத்த வேண்டும். உடனே +12ஐயும், போர்டு கேட்டால் −5ஐயும் பார்க்க வேண்டும். ஜாம்மா போர்டின் விளிம்பில் −5க்கான 5ஆம் இடத்தில் செம்புக் கோடே இல்லையென்றால் அந்தப் போர்டுக்கு அது தேவையில்லை. பின்கதவை மூடி ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளக்கும்போது சப்ளை முனையில் வோல்ட் மாறாமல் சிப்பில் மட்டும் இறங்கியிருந்தால், சூட்டில் தளரும் கனெக்டரையும், இரண்டிலுமே இறங்கியிருந்தால் சப்ளையையும் பிடிக்க வேண்டும். கடற்கரைக் கடை என்றால் இந்த இரண்டாவது அளவை மாலை ஏழு மணிக்குமேல், பக்கத்துக் கடைகளின் விளக்குகளெல்லாம் எரியும்போது எடுப்பது பொருத்தம்.