மாமாவின் ஹெரால்டு: புரோக்கரிடமா, ஷோரூமிலா, நேராகவா?

பாளையங்கோட்டையில் மாமா வீட்டு முற்றத்தில் மூன்று வருடம் தார்ப்பாய்க்குக் கீழே பிரித்துக் கிடந்த 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, போன தை மாதம் ஓடத் தொடங்கியது. இரண்டு கதவு வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் சென்னையில் செய்து விற்றது. அதே அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் டிரையம்ஃப் 1962-இல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. ஹெரால்டில் பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டு. முன்பக்கமாகக் கவிழ்த்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்தே 948 சிசி இன்ஜினில் வேலை பார்க்கலாம். மாமா அப்படித்தான் பார்த்தார். இப்போது முழங்கால் வலியில் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. விற்கத்தான் வேண்டும்.

முதலில் வந்தவர் வண்ணார்பேட்டைப் புரோக்கர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு 3,40,000 ரூபாய் என்றார். அன்று சாயங்காலமே முழுப் பணம், ரொக்கமாக. "அண்ணாச்சி, 29, 30 ரெண்டு பாரத்துலயும் கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்க. பேரு மாத்துறத நான் பாத்துக்கிடுதேன்."

இதில் உள்ள நிம்மதியை மறுக்க மாட்டேன். கண்டவர் போன் செய்து கழுத்தறுக்க மாட்டார்கள், ஓட்டிப் பார்க்கிறேன் என்று கியரைக் கடித்து வைக்க மாட்டார்கள். ஆனால் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வருமான வரிச் சட்டப்படி வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். அதைவிடப் பெரிய பயம் அந்த வெற்றுப் பாரம். புரோக்கர் தன் பெயருக்கு மாற்ற மாட்டார்; பாரத்தோடு வண்டி கைமாறிக்கொண்டே போகும், ஆர்சியில் மாமா பெயர்தான் நிற்கும். விற்றுவிட்டாலும் ஆர்சியில் பெயர் உள்ளவரே உரிமையாளர், விபத்து நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. எழுபது வயது மனிதரின் தலையில் அதைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

கோயம்புத்தூரில் பழைய கார் ஷோரூம் ஒன்றில் விசாரித்தோம். விற்ற பிறகு 10 சதவீதம் கமிஷன், லாரி வாடகை நம்முடையது. ஆர்வமுள்ளவர்கள் தேடி வரும் இடம், விலையும் கூடுதலாகக் கிடைக்கும். சரி, விற்கும்வரை யார் ஸ்டார்ட் செய்து வைப்பார்கள்? மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டர் ஜெட்டில் பெட்ரோல் காய்ந்து அடைக்கும், பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். பழைய எம்ஜி மாதிரி அரிய இறக்குமதி வண்டியாக இருந்தால், இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு, எத்தனை மாதம் என்று எழுதி வாங்கிக்கொண்டு அங்கே விட்டிருப்பேன். ஹெரால்டை வாங்குகிறவர் அநேகமாக அப்பா காலத்தில் அதில் ஏறியவர். அவர் மதுரையிலோ நாகர்கோவிலிலோதான் இருப்பார்.

கல்யாண ஊர்வல வாடகைக்கு விடலாம் என்றும் ஒருவர் சொன்னார். சொந்த உபயோக ஆர்சியை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டக் கூடாது. அதை அதோடு விட்டோம்.

நேராக விற்க ஐந்து மாதம் ஆனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தை எடுத்து கதவடிப் பட்டையில் வைத்தார், ஒட்டியது. பின் இடது சக்கர வளைவில் வைத்தார், வழுக்கி விழுந்தது. "அந்த இடத்துல பட்டி பூசினதுதான் தம்பி, தகடு கிடைக்கல" என்று மாமா உடனே சொன்னார். அப்புறம் சாக்கை விரித்துப் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் அடிச்சட்டத்தை முழுக்கப் பார்த்தார். டிங்கரிங் தொடங்கி சீட் தையல்வரை மாமா எடுத்த போட்டோ ஆல்பமும் பில்களும்தான் விலையைத் தூக்கின. 4,60,000, வங்கி மூலம்.

விண்டேஜ் பதிவு செய்து தர முடியுமா என்று அவர் கேட்டார். 2021 விதிப்படி 50 வருடம் தாண்டி, அடிச்சட்டமும் பாடியும் இன்ஜினும் பெரிய மாற்றமில்லாமல் இருந்தால் 20,000 ரூபாய் கட்டி 10 வருடத்துக்கு 'விஏ' எழுத்துள்ள விண்டேஜ் எண் வாங்கலாம். ஆனால் ராலி, கண்காட்சி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். சேகரித்து வைப்பவருக்கு அது பொருத்தம். இவரோ சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் போக ஆசைப்பட்டார். அதனால் சாதாரண ஆர்சியே போதும் என்று முடிவானது.

மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் ஏறிய அன்றே பாரங்களில் வாங்கியவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டோம். பெயர் மாறிய ஆர்சியின் நகலை அவர் அனுப்பிய பிறகுதான், மாமா எடுத்து வைத்திருந்த இரண்டாவது சாவியைக் கூரியரில் போட்டேன்.