பாயிண்ட் புல்லட்டை ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் தெரிவது: கோளாறு முக்கால்வாசி எர்த்திலும் இணைப்பிலும்தான்

திருவொற்றியூர் தொழிற்சாலையில் தயாரான ராயல் என்ஃபீல்ட் புல்லட்டில், காஸ்ட் அயர்ன் இன்ஜின் கொண்ட 350 சிசி, 12 வோல்ட், பாயிண்ட் இக்னிஷன் வண்டியைப் பற்றியது இது. பாயிண்ட் என்பது கேம் சுழலச் சுழலத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்; அது திறக்கும் கணத்தில்தான் காயில் ஸ்பார்க் கொடுக்கும். 'பழைய புல்லட் கரண்ட்டை நம்ப முடியாது' என்பது பொதுவான பேச்சு. அது சரியல்ல. நீண்ட காலம் ஓட்டிப் பார்த்தால் காயிலும், ஏசியை டிசியாக்கி பேட்டரிக்கு அனுப்பும் ரெக்டிஃபையரும் எளிதில் போவதில்லை. போவதெல்லாம் பச்சை பிடித்த கனெக்டர், பெயின்ட்டுக்கு அடியில் செத்துப்போன எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு), தேய்ந்த பாயிண்ட். இது தெரியாமல் காயில், ரெக்டிஃபையர், பேட்டரி என்று வரிசையாக மாற்றிப் பணத்தை விடுகிறார்கள்.

டூமில் (ஹெட்லைட் கூட்டில்) இருக்கும், பேட்டரிக்குக் கரண்ட் போவதையும் வருவதையும் காட்டும் அம்மீட்டரை அலங்காரமாக நினைக்க வேண்டாம். சாவியைப் போட்டு, இன்ஜின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் மூன்று ஆம்பியர் வாக்கில் சாய்ந்து நிற்கும். பாயிண்ட் திறந்த கணமே நடுவுக்குத் திரும்பும். இந்த ஆட்டம் ஒழுங்காக இருந்தால் பேட்டரி, ஃப்யூஸ், சாவி, காயிலின் பிரைமரி (பேட்டரிப் பக்கச் சுற்று), பாயிண்ட், எர்த் அத்தனையும் இணைந்திருக்கின்றன என்று பொருள். முள் அசையவே இல்லை என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. மைனஸிலேயே ஒட்டிக்கொண்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் வயரோ, பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரோ எர்த் ஆகியிருக்கிறது. முள் ஒரேயடியாக மைனஸ் கோடிக்கு ஓடினால் ஷார்ட். அந்த நொடியே சாவியை அணைக்க வேண்டும். டூமின் தகர விளிம்பில் வயர் உரசி வெட்டுப்படுவது இதற்கு வழக்கமான காரணம்.

வண்டி அப்படியே செத்துவிட்டது, ஹாரன்கூட இல்லை, ஆனால் பேட்டரியும் ஃப்யூஸும் நன்றாக இருக்கின்றனவா? அம்மீட்டரின் பின்னால் பாருங்கள். மொத்தக் கரண்ட்டும் அதன் வழியாகத்தான் போகிறது. அதிர்வில் நட்டு தளர்ந்தால் எல்லாம் நின்றுவிடும். வழியில் நின்றால் அந்த இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி, டூமில் படாமல் டேப் சுற்றி வீடு வந்து சேரலாம்.

அடுத்தது எர்த். ரெஸ்டோர் செய்து பவுடர் கோட்டிங் போட்ட வண்டிகளில் இதுதான் முதல் தலைவலி. பேட்டரி மைனஸிலிருந்து வரும் வயர் ஃபிரேமில் பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சாவி போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில், சிவப்புக் கம்பியை பாயிண்ட் இருக்கும் கூட்டின் உலோகத்திலும் கறுப்பை பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. 2.5 சதுர மி.மீ. வயர் ஒன்றை மைனஸிலிருந்து நேராக இன்ஜின் போல்ட்டுக்கு இழுங்கள். இடத்தை உலோகம் தெரியும்வரை சுரண்டி, முறுக்கியபின் வேஸ்லின் தடவுங்கள். பிளஸ் பக்கத்துக்கும் இதே முறைதான்: பேட்டரி பிளஸுக்கும் காயிலின் சப்ளை முனைக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் சாவியும் கனெக்டர்களும் அழுக்கு.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. கேம் மீது உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங்கும் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்தங்கும். வண்டி இழுக்காமல், சூடேறி, கார்பரேட்டர்மேல் பழி விழும். கேமில் துளி கிரீஸ் வைத்தால் போதும், அதிகமானால் பாயிண்ட் முகத்தில் தெறித்து எரியும். வேகம் அதிகமில்லாத கிக்கிலேயே பாயிண்டில் பெரிய பொறி பறந்து, முகம் கருகியிருந்தால் கண்டென்சர் போயிற்று. ஓடி இருபது நிமிடத்தில் சூடாகி நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டிக்கும் முதலில் கண்டென்சர், பிறகுதான் காயில். இரண்டில் கண்டென்சர்தான் மலிவு என்பதும் ஒரு காரணம்.

சாவியைப் போட்டபடி மறந்துவிட்டுப் போகாதீர்கள். பாயிண்ட் மூடிய இடத்தில் இன்ஜின் நின்றிருந்தால் காயில் சூடேறிக் கெடும், பேட்டரியும் காலியாகும். பேட்டரி காலியானால் இந்த வண்டியில் ஸ்பார்க்கே கிடையாது.

சார்ஜ் பார்ப்பது எளிது. ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஓரளவு ரேஸில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5. ஏறவில்லை என்றால் ஸ்டேட்டரின் (கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரில் சுழலாத சுருள்) வயர்களைக் கழற்றி, ஒவ்வொன்றும் இன்ஜின் உடலோடு தொடர்பில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வயர் இன்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயின் கேஸுக்குள் வருகிறது. ஆயிலில் ஊறி உறை கெட்டியாகி வெடிக்கும், தளர்ந்த செயின் உரசினால் அறுந்தேவிடும். கேஸைத் திறந்திருக்கும்போதே சுழலும் ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு சுற்றிலும் தாராளமாகப் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போயிற்று. பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றுவது அதன் அறிகுறி.

சில ஆண்டு மாடல்களில் ஹெட்லைட் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக எரியும். இன்ஜின் நின்றபின் ஹெட்லைட் எரியாதது அங்கே கோளாறல்ல.

ஹேண்டில் திருப்பும்போது மட்டும் இன்ஜின் துடித்தால், ஸ்டீயரிங் கழுத்தில் மடங்கும் வயரிங்கில் உள்ளே கம்பி முறிந்திருக்கும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டு, ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பி முள்ளைக் கவனியுங்கள். அது குதிக்கும் இடத்தில்தான் உடைப்பு.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதைப் போடாதீர்கள். இக்னிஷனுக்கு 3, ஹெட்லைட் 35 வாட்டுக்கு 3, பிரேக் லைட்டுக்கு 2, இண்டிகேட்டருக்கு 2 ஆம்பியர் என்று கூட்டினால் பத்துதான் வருகிறது. ஹாரனையும் சேர்த்து 15 ஆம்பியர் ஃப்யூஸே தாங்கும். அதற்கு மேல் போட்டால் எரிவது வயரிங். சீட்டுக்கு அடியில் ஒரு செட் பாயிண்ட், ஒரு கண்டென்சர், இரண்டு ஃப்யூஸ், ஒரு முழ வயர், ஃபீலர் கேஜ் இருக்கட்டும்.