பொருளை விடக் கூரியர் கூடினால்: பேசுவதா, பஸ்ஸில் எடுப்பதா, முறையிடுவதா?

500 ரூபாப் பொருளொன்றை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதற்கு 650 ரூபா என்று இணையவழி விற்பனையாளர் ஒருவர் கேட்கும்போது, வாங்குபவர் செய்யக்கூடியவை நான்கு: காசு கட்டுவதற்கு முன்பே பேசிக் குறைக்கலாம்; கூரியரை விட்டுவிட்டு வேறு வழியில் எடுப்பிக்கலாம்; கட்டிய பின்னர் விற்பனைத் தளத்திடமோ வங்கியிடமோ முறையிடலாம்; நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதலாம். இவற்றுள் பலரும் கடைசியில் நினைத்துப் பார்க்கும் முதலாவது வழியே பெரும்பாலும் பலன் தருகிறது என்பதும், கோபத்தில் முதலில் நினைவுக்கு வரும் பின்னிரண்டும் குறிப்பிட்ட சில சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே உதவும் என்பதும் என் கணிப்பு.

எந்த வழியில் இறங்குவதற்கும் முன்னால், கேட்கப்படும் தொகை உண்மையிலேயே மிகையானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளூர்க் கூரியர்கள் பொதுவாக முதல் கிலோவுக்கு ஒரு தொகையும் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் இன்னொரு தொகையும் அறவிடுகின்றன. 1 கிலோவுக்குச் சற்றுக் கூடினாலும் அது 2 கிலோவாகவே கணக்கில் ஏறுவது வழக்கம். வெளிநாட்டிலிருந்து விமானக் கூரியரில் வரும் பொதிகளுக்கு நிறையோடு பருமனும் பார்க்கப்படும். பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வரும் எண்ணை கிலோவாக எடுத்துக்கொண்டு, அதையும் உண்மை நிறையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். 40, 30, 30 சென்ரிமீற்றர் அளவுள்ள பெட்டியில் 3 கிலோ ரைஸ் குக்கர் ஒன்று வந்தால், கட்டணம் குறைந்தது 7.2 கிலோவுக்காவது விழும். இப்படியான இடத்தில் விற்பனையாளரோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

மிகை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய இடங்கள் வேறு. ஒரே விற்பனையாளரிடம் மூன்று சிறு பொருட்களை வாங்கும்போது ஒவ்வொன்றுக்கும் 400 ரூபா வீதம் 1,200 ரூபா எழுதப்பட்டு, வீட்டுக்கு வருவதோ மூன்றையும் ஒன்றாகக் கட்டிய ஒரே பையாக இருப்பது முதலாவது. பொருளின் விலையைக் குறைத்துக் காட்டி, குறைத்த தொகையை அனுப்பற் கட்டணத்துக்குள் ஒளித்து வைப்பது இரண்டாவது. இது பழைய தந்திரம். ஈபே தளம் ஒரு காலத்தில் விற்பனை விலைக்கு மட்டுமே தரகு எடுத்தபடியால், பொருளுக்குச் சில சதமும் அனுப்புவதற்குப் பல டொலரும் போட்டவர்கள் இருந்தார்கள். 2011இல் அத்தளம் அமெரிக்காவில் அனுப்பற் கட்டணத்துக்கும் தரகு வாங்கத் தொடங்கியதன் பின்னரே அந்த ஆதாயம் அடிபட்டது. விலைப்பட்டியலில் மலிவானதாக மேலே தெரிய வேண்டும் என்ற ஆசை மட்டும் இன்னும் போகவில்லை.

மொத்தத் தொகை ஒன்றுதானே, எந்தப் பெயரில் வாங்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பொருளைத் திருப்பி அனுப்பும் நாளில்தான் அந்த வித்தியாசம் தெரியும். மனம் மாறித் திருப்பினால் பல கடைகளும் தளங்களும் பொருளின் விலையை மட்டுமே தந்து, அனுப்பிய செலவைத் தமக்கே வைத்துக்கொள்கின்றன. 200 ரூபாப் பொருளுக்கு 950 ரூபா அனுப்பற் கட்டணம் கட்டியவர், திருப்பியபின் கையில் 200 ரூபாவோடு நிற்க வேண்டியதுதான்.

இனி வழிகளை ஒப்பிடலாம். முன்கூட்டியே பேசுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் கேட்கும் விதத்தில் விஷயம் இருக்கிறது. ‘கூரியர் காசு கூடிப்போச்சு, குறையுங்கோ’ என்று எழுதினால் ‘எல்லாருக்கும் அதுதான்’ என்ற பதிலே வரும். ‘இந்த மூன்றையும் ஒரே பொதியாக அனுப்பினால் நிறை எவ்வளவு, எந்தக் கூரியர், மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்டால், விற்பவர் கணக்குப் பார்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கும். பெரும்பாலும் அங்கேயே ஒரு பகுதி குறைந்துவிடும். ஈபேயில் பல பொருட்களை ஒரே விற்பனையாளரிடம் எடுப்பவர், காசு கட்டுவதற்கு முன் இணைத்த மொத்தத்தைத் தரும்படி கேட்க அத்தளத்திலேயே வசதி உண்டு. முகநூலிலும் வட்சப்பிலும் விற்பவர்களிடம் கேட்கும்போது, கூரியருக்குப் பதிலாகத் தபாலில் அனுப்புவீர்களா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். அவசரமில்லாத, உடையாத சிறு பொருளுக்குத் தபால் போதும்; தபாலகத்தில் நிறுத்துக் கொடுக்கும் பற்றுச்சீட்டில் நிறையும் கட்டணமும் பதிவாவதால், வாங்குபவருக்கு அதுவே சாட்சியாகவும் ஆகிறது.

கூரியரைத் தவிர்ப்பது என்றால் யாழ்ப்பாணத்தில் அது முதலில் பஸ்ஸைக் குறிக்கும். பொருள் கொழும்பில் இருந்தால், வெள்ளவத்தையில் உள்ள உறவினர் ஒருவரின் முகவரியைக் கொடுத்து அங்கே இறக்குவித்து, இரவு பஸ்ஸில் பாசல் போடச் சொல்லி, விடிய இங்கே போய் எடுப்பது நெடுநாள் பழக்கம். பாரமான பொருளுக்கும் பெரிய பெட்டிக்கும் இது கூரியரை விட மலிவாக வருவதுண்டு. கிலோக் கணக்கை விட, பெட்டியைப் பார்த்து ஒரு தொகை சொல்வதே வழமை. குறைகளும் இருக்கின்றன. பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டைத் தவிர வேறு பதிவு இருக்காது. உடைந்தால் விற்பவர் கொழும்பில் நல்லபடி கொடுத்தேன் என்பார், பஸ்காரர் கட்டியபடியே கொண்டு வந்தேன் என்பார். ஆதலால் உடுப்பு, புத்தகம், இரும்புச் சாமான் ஆகியவற்றுக்கு நான் பஸ்ஸையே சொல்வேன். கைத்தொலைபேசிக்கும் கண்ணாடிப் பொருளுக்கும் கூரியரே மேல், கட்டணம் கூடினாலும். இன்னொன்று, வெள்ளவத்தை மாமி எத்தனை முறைதான் பாசலைத் தூக்கிக்கொண்டு காலி வீதிக்கு வருவார் என்பதும் யோசிக்க வேண்டிய விடயம். அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கட்டிய பின் முறையிடுவது பற்றிப் பலரிடம் தவறான நம்பிக்கை இருக்கிறது. அனுப்பற் கட்டணம் திரையில் தெளிவாகக் காட்டப்பட்டு, அதைப் பார்த்து நாமே சம்மதித்துக் கட்டியிருந்தால், அது அதிகம் என்பது மட்டும் காசைத் திரும்பப் பெறுவதற்குக் காரணமாகாது. வங்கியும் அட்டைக் கொடுப்பனவை அந்தக் காரணத்துக்காகத் திருப்பாது. காட்டிய தொகையை விடக் கூடுதலாக எடுத்திருந்தால், விரைவுச் சேவைக்கு வாங்கிவிட்டுச் சாதாரணத் தபாலில் அனுப்பியிருந்தால், அல்லது பொருளே மாறி வந்திருந்தால் நிலைமை வேறு. இணையவழிக் கொடுப்பனவுச் சேவையான பேபாலின் வாங்குநர் பாதுகாப்பு, பொருள் வராதபோதும் விபரித்தபடி இல்லாதபோதும் முதலில் கட்டிய அனுப்பற் கட்டணத்தையும் சேர்த்தே திருப்பித் தருகிறது. கட்டிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் முறைப்பாட்டைத் தொடங்க வேண்டும். இதற்கெல்லாம் ஆதாரம் பொதியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு. பெட்டியைப் பிரிக்கும் அவசரத்தில் அதைக் கிழித்து எறியாமல், நிறையும் சேவையின் பெயரும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. 2 கிலோவுக்கு வாங்கிய விற்பனையாளருக்கு, 600 கிராம் என்று அச்சிட்ட சீட்டின் படத்தை மரியாதையான இரண்டு வரிகளுடன் அனுப்பினால், தளத்தில் முறையிடாமலே ஒரு பகுதி திரும்பி வர வாய்ப்புண்டு.

பொருள் வந்த பின் காசு கொடுக்கும் ஏற்பாட்டில் வாங்குபவர் கை ஓங்கியிருக்கிறது. வாசலில் கேட்கும் தொகை முன்பு சொன்னதை விடக் கூடியிருந்தால், வாங்க மறுக்கலாம், அது நியாயம். சொன்ன தொகைக்கே பொருள் வந்திருக்க, கட்டணத்தை நினைத்து மனம் மாறித் திருப்பி அனுப்புவது நியாயமில்லை. போகவரச் செலவு இரண்டையும் விற்பவரே சுமக்கிறார். அந்த நட்டத்தை அவர் அடுத்தவர்களின் கட்டணத்தில் ஏற்றத்தான் பார்ப்பார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஏமாற்றும் விதமாக விளம்பரம் செய்வதும், கேட்டபோது பற்றுச்சீட்டுத் தர மறுப்பதும் அச்சட்டத்துக்கு முரண். விளம்பரத்தில் இலவச விநியோகம் என்று போட்டுவிட்டுப் பின்னர் கூரியருக்குக் காசு வாங்கிய உள்ளூர் விற்பனையாளர் மீது இந்த வழி சரியாகப் பொருந்தும். முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதங்களுக்குள் போக வேண்டும். ஆனால் விற்பவர் யார், எந்த முகவரி என்று தெரியாத முகநூல் பக்கத்தின் மீது இது அதிகம் பாயாது. 300 ரூபாவுக்காக இதில் இறங்குபவர் காசை விட ஞாயத்துக்காகவே இறங்குகிறார். அதுவும் தேவைதான்.

வெளிநாட்டுப் பொருளுக்கு மேலே சொன்ன முதல் வழியை விட்டால் வேறு நல்ல வழி இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கைச் சுங்கம் பொருளின் விலையோடு காப்புறுதியையும் அனுப்பற் செலவையும் கூட்டிய தொகையிலேயே தீர்வையைக் கணிக்கிறது. 18 வீத பெறுமதி சேர் வரியும் அதன் மேலேயே வருகிறது. விற்பவர் கூடுதலாக எழுதிய ஒவ்வொரு டொலருக்கும் இங்கே வரியும் கட்ட நேரிடும் என்பதால், பொதி கொழும்புக்கு வந்து சேர்ந்த பின்னர் விற்பவரோடு பேசி ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றாலும், அதற்குக் கட்டிய வரி அவரிடமிருந்து வரப்போவதில்லை.