உரைகல்லை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டிய கடை

பழைய தங்கக் காசுகளை வாங்க வசதி இல்லாதவர்களையும் உட்காரவைத்துக் காட்டுகிற கடை ஒன்று பினாங்கில் இருக்கிறது. லெபோ பந்தாயிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில், முதல் மாடியில். கீழே பெயர்ப்பலகை கிடையாது. முதலாளி விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் நானும் பெயரை எழுதவில்லை. ஜார்ஜ்டவுனில் நாணயம் சேர்க்கும் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள்.

நான் பட்டர்வொர்த்தில் ஓர் அடகுக்கடையில் நகை மதிப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கைக்கு வந்த பவுன்கள் எல்லாம் எடை, மாற்று, கடன் தொகை என்று மூன்று எண்களாகவே வந்துபோயின. எந்த ஆண்டுக் காசு, எங்கே அச்சடித்தது என்று அங்கே யார் பார்ப்பார்கள்? உரைகல்லில் தேய்ப்பதுதான் எங்கள் தொழில். இந்தக் கடையில் உரைகல்லை எடுத்தால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். அதுவே நியாயம்: தேய்த்த காசுக்கு உலோகத்தின் விலைதான் மிஞ்சும்.

போனதும் பவுன் தட்டைக் கேளுங்கள். பவுன் என்று நான் சொல்வது பிரிட்டிஷ் தங்கக் காசான சவரனை. எல்லாம் ஒரே எடை, 7.98 கிராம்; எல்லாம் நமக்குப் பழக்கமான 916 தங்கம்; பெரும்பாலானவற்றில் குதிரைமேல் இருந்து நாகத்தை வெட்டும் புனித ஜார்ஜ். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும். முதலாளி ஒரு சீனப் பெரியவர். எல்லாரும் தவுக்கே, அதாவது முதலாளி, என்றே கூப்பிடுகிறார்கள். லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். குதிரைக் குளம்புக்குக் கீழே, ஆண்டு எண்ணுக்கு மேலே உள்ள தரைக்கோட்டைப் பார்க்க வேண்டும். எழுத்து எதுவும் இல்லையென்றால் லண்டன். எஸ் சிட்னி, எம் மெல்பர்ன், பி பெர்த். ஐ என்று இருந்தால் பம்பாய். அது 1918 ஒரே ஆண்டில்தான் அச்சானது. முதல் உலகப் போரில் கடல்வழியே தங்கத்தை லண்டனுக்கு அனுப்புவது ஆபத்து என்பதால் அரச நாணயச்சாலையின் கிளையைப் பம்பாயிலேயே திறந்தார்கள். பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் அடித்தார்கள், ஆகவே கிடைக்காத காசு அல்ல. ஆனால் அதன் பக்கத்தில் தவுக்கே இன்னொன்றையும் வைக்கிறார்: அதே ஆண்டு, அதே பம்பாய், அதே எடை, அதே மாற்று, ஆனால் முகமதிப்பு 15 ரூபாய். ஒரே ஊரில் ஒரே தங்கத்துக்கு இரண்டு பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் இப்படிச் சேர்த்துப் பார்க்க வேறெங்கும் எனக்கு வாய்த்ததில்லை.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு கணக்கு. 1906இல் பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி, அதாவது டாலர், 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. அப்படியானால் இருபது ஷில்லிங் பெறும் இந்தப் பவுன் ஒன்று அன்று எட்டரை வெள்ளிக்குச் சற்று மேல். இன்றைய விலையைக் கேட்டபின் இதை நினைக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

சிட்னியின் ஆரம்பகாலப் பவுன் ஒன்றும் இருக்கிறது. செம்புக்குப் பதிலாக வெள்ளி கலந்ததால் லண்டன் பவுனின் செந்நிறம் இல்லாமல் வெளிர் மஞ்சளாக நிற்கிறது. மாற்று ஒன்றே என்றாலும் நிறம் வேறு; நிறத்தைப் பார்த்து மாற்று சொல்கிற பத்தர்களை இதைக் காட்டிச் சோதிக்கலாம்.

எனக்கு மிகப் பிடித்தது ஒரு போலி. 1950களில் லெபனானில் அடித்த பவுன்கள் சந்தையில் நிறைய உலவின. எடை சரி, தங்கமும் சரி, நாணயச்சாலை மட்டும் பொய். தவுக்கே அப்படிப்பட்ட ஒன்றை விற்காமல் இழுப்பறையில் வைத்துக் கற்றுக்கொடுக்கிறார். நாகத்தின் செதில்கள் மழுங்கியிருக்கும், ஓரப் பற்கள் சீராக இராது. அடகுக்கடையில் நான் இதற்கு முழுத் தொகை கொடுத்திருப்பேன், அதில் தவறும் இல்லை. சேகரிப்பவருக்கோ இது வேறு பொருள்.

டூக்கட் என்னும் வெனிஸ் நகரத்துப் பழைய தங்கக் காசை விட்டுவிடாதீர்கள். மூன்றரை கிராம்தான், காகிதம்போல மெல்லியது. 1284இல் தொடங்கி 1797 வரை அதன் உருவம் ஏறக்குறைய மாறவே இல்லை. புனித மாற்கின் முன் மண்டியிட்டு வெனிஸ் ஆட்சியாளர் கொடிக்கோலைப் பிடித்திருக்கிறார். இந்தக் காசு தென்னிந்தியாவுக்கு ஏராளமாக வந்தது. நம் ஊர் மக்கள் அந்த ஆளைப் பனையேறி என்றும் கோலைப் பனைமரம் என்றும் பார்த்தார்களாம். ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டால் பிறகு புனிதர் கண்ணில் படமாட்டார்.

அமெரிக்காவின் 20 டாலர் காசு அழகுதான், எனக்கு ஏனோ ஒட்டவில்லை. எல்லாரும் 1933ஆம் ஆண்டுக் காசின் கதையையே பேசுவார்கள்: தனியார் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஒரே ஒரு காசு 2021 ஏலத்தில் 1 கோடியே 88 லட்சம் டாலரைத் தாண்டியது. கடையில் இருப்பது 1924, சாதாரணமானது. அதைவிட நம் நாட்டின் 1976ஆம் ஆண்டு 500 ரிங்கிட் மேல். அமெரிக்கக் காசின் எடையும் 900 மாற்றும் கொண்ட வனவிலங்குப் பாதுகாப்பு வரிசைக் காசு, அதில் தப்பிர் என்னும் நீள்மூக்கு விலங்கு. அந்த மூக்குக்காகவே வாங்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் மோசம். மேலே வெள்ளைக் குழல்விளக்கு, அதன் கீழே எந்தத் தங்கமும் செத்துக் கிடக்கும். சன்னல் ஓரத்துக்கு எடுத்துப் போகக் கேளுங்கள், மறுக்கமாட்டார். சில காசுகள் மெத்தென்ற பழைய பிளாஸ்டிக் உறையிலேயே கிடக்கின்றன. நம் புழுக்கத்தில் அந்த உறை பச்சைப் பசையாகக் கசிந்து காசில் ஒட்டும். கம்பெனிக் காலத்து 1841 மோகர் என்னும் தங்கக் காசு ஒன்றைப் பனைமரமும் சிங்கமும் மின்ன மின்ன விலை போட்டு வைத்திருக்கிறார். லூப்பில் பார்த்தால் யாரோ துணியால் தேய்த்து மெருகேற்றிய கோடுகள். அட்டையில் அதை எழுதவில்லையே என்றேன். “கேட்டால் சொல்வேனே” என்றார். கேட்கத் தெரியாதவர் என்ன செய்வார்? இதற்காக நான் அவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கமாட்டேன்.

ஆனால் காசுமாலையிலிருந்து பிரித்த பவுன்களில் அவர் மிக நேர்மை. வளையம் பற்றவைத்த இடத்தை எவ்வளவு நன்றாக அராவியிருந்தாலும் ஓரத்தில் பற்றவைப்புப் பொடியின் நிறம் காட்டிக்கொடுக்கும். அவற்றைத் தனித் தட்டில் போட்டு, அன்றைய தங்க விலைக்கே தருகிறார். கையில் வைத்துப் பழக ஆசைப்படுகிறவர்கள் அதில்தான் தொடங்க வேண்டும். கடையில் உதவிக்கு இருக்கும் தமிழ்ப் பெண் “அக்கா, ஓரத்தைப் பிடிங்கள், முகத்தைத் தொடாதீர்கள்” என்று எல்லாரிடமும் ஒரே குரலில் சொல்வாள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாகனம் நிறுத்த இடம் தேடி அலையாமல் படகில் வந்து ஜெட்டியிலிருந்து நடப்பதே மேல். மதியத்துக்கு முன் போங்கள். அப்போதுதான் சன்னலில் வெயில் நேராக விழுகிறது. பேரம் பவுன்களில் நடக்காது. டூக்கட்டில் கொஞ்சம் நடக்கும்.